கல்யாண வீட்டில் வாசிக்காத வரி

இன்று காலையில் ஓடாவியார் வந்து, நம் இரண்டு மேசைகளுக்கும் நடுவில் நின்ற பலகைத் தடுப்பைக் கழற்றினார். ஒவ்வொரு ஆணியும் கழன்று வரும்போது போட்ட சத்தம் பல்லைக் கூசவைத்தது. கடைசிப் பலகை சாய்ந்ததும் உன் பக்கத்திலிருந்து யூகலிப்டஸ் தைல வாசம் வந்து முகத்தில் அடித்தது. மேசை லாச்சிக்குள் நீ வைத்திருந்த போத்தல் கவிழ்ந்து மரத்தில் ஊறியிருக்கிறது. தலையிடி வந்தால் அதை நெற்றியில் பூசிக்கொண்டுதான் வழக்குக்குப் போவாய். நீ வருவதை நீதிமன்றத்தில் மணத்தை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள் என்று நான் கேலி செய்வேன். நீ போய் ஏழு மாதமாகிறது.

பலகை நல்ல பலகை, வைக்கவா கொண்டுபோகவா என்று ஓடாவியார் கேட்டார். கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. எழும்பினேன். யன்னலைத் திறந்தேன், வாவிக் காற்று கடதாசிகளைக் கிளப்பியது, திரும்பச் சாத்தினேன். காணி உறுதி எழுத வந்த இரண்டு பேரைப் பின்னேரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். உன்னோடு பேசி முடிக்காத கதை ஒன்று இருக்கிறது. அதை எழுதாவிட்டால் இன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

நம் படியேறி வருகிற வயதானவர்கள் இன்னும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இதில் யார் அப்புக்காத்து, யார் நொத்தாரிசு? வழக்குப் பேசுகிறவர் அப்புக்காத்து, உறுதி எழுதுகிறவர் நொத்தாரிசு, அவர்களுக்கு அவ்வளவுதான். வாசல் பலகையில் இரண்டு பேருக்கும் சட்டத்தரணி என்றுதான் இருந்தது. என் பெயருக்குக் கீழே மட்டும் பிரசித்த நொத்தாரிசு என்று ஒரு வரி கூட. ஒரே கல்லூரி, ஒரே சோதனை, ஒரே நாளில் எடுத்த சத்தியம். நீயும் நொத்தாரிசு வேலைக்கான அந்த உத்தரவுப் பத்திரத்தை எடுத்திருக்கலாம். குந்தியிருந்து எழுத உனக்கு ஏலாது என்று விட்டுவிட்டாய். எனக்கோ நிற்க ஏலாது. என் முதல் பிணை மனுவில் நீதவான் நிமிர்ந்து பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பின்வரிசையிலிருந்து நீ எழும்பி வந்து மிச்சத்தைச் சொல்லி முடித்தாய். பிணையில் வந்தவன் உனக்குத்தான் நன்றி சொன்னான். அன்றோடு நான் கடதாசிப் பக்கம் போய்விட்டேன்.

மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்தால் நமக்கு ஒரு விளையாட்டு. சட்டத்தை வைத்துப் பிழைக்கிறவர்களில் யாருடைய வேலை மோசம்? நீ நீதிபதிக்காக இரக்கப்படுவாய். கண்ணால் கண்டதைக்கூட அந்த மனிசன் கண்டதாக வைக்க ஏலாது, முன்னால் வந்து யாராவது சொன்னால்தான் அது நடந்தது என்பாய். நீதிமன்ற முதலியாரைச் சொல்வேன் நான். அடுத்தவரின் பேச்சை இந்தப் பாஷையிலிருந்து அந்தப் பாஷைக்குக் காவுகிற மனிதர், சொந்தமாக ஒரு சொல் சேர்க்கக்கூடாது. மத்தியஸ்த சபைக்காரர்களுக்கு யார் சரி என்பதே தேவையில்லை, இரண்டு பேரும் சமாதானமாக வீட்டுக்குப் போனால் போதும். கொடுத்துவைத்தவர் ஜேபி என்கிற சமாதான நீதவான்தான் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொள்வோம். ஒப்பத்துக்குச் சாட்சி, அவ்வளவோடு அவருடைய பொறுப்பு முடிந்தது.

கடைசியில் நீயா நானா என்று வந்து நிற்கும். உன் வேலை ஒரு பக்கத்துக்காக வாய் திறப்பது. மறு பக்கத்தின் நியாயத்தைப் பார்க்க மறு பக்கத்துக்கு ஒருவர் இருக்கிறார். எனக்கு அப்படியில்லை. எழுதித் தருபவரும் எழுதி வாங்குபவரும் ஒரே மேசையில் என்னை நம்பி இருக்கிறார்கள், நான் யாருடைய ஆளும் இல்லை, கடதாசியின் ஆள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன். நீ றாலின் தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே சொல்வாய்.

"என்ட பிழை அண்டைக்கே தெரியும்கா. நீதவான் ஏசுவார், கட்சிக்காரன் ஏசுவான், முடிஞ்சுது. உன்ட பிழை பெட்டிக்குள்ள கிடந்து போட்டு வருசம் கழிச்சு வரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உனக்குக் கடதாசியில் நம்பிக்கையே இல்லை. வாகரையில் உங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோனபோது உறுதிப் பெட்டியையும் சேர்த்துத்தான் கொண்டுபோனது. பிறகு உன் அப்பா அயலாரைக் கூட்டிவந்து, அவர்களுடைய வாயைக் கொண்டுதான் வளவு தன்னுடையது என்று காட்டினார். கடலுக்கு உறுதி வாசிக்கத் தெரியாது என்று சொல்லிச் சொல்லி என்னை எரிச்சல்படுத்துவாய்.

பெரியகல்லாற்றுக் கல்யாண வீட்டுக்கு நான் போன நாள் உனக்குத் தெரியும். பூரணம்மாவுக்கு ஒரே மகள். நம் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தானே போகும். தாய் தான் இருக்கிற வீட்டையே மகளுக்குச் சீதனமாக எழுதுவாள். ஆனால் சாகும்வரைக்கும் அதில் குடியிருக்கிற உரிமையைத் தனக்கு வைத்துக்கொள்வாள். அதற்குத்தான் சீவிய உரித்து என்று பெயர். பூரணம்மா இரண்டு தரம் படியேறி வந்து அதை எனக்குச் சொன்னார். நானும் குறிப்புப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன். என் தட்டச்சுப் பிள்ளை அந்தக் கிழமை லீவு. பழைய உறுதி ஒன்றைக் கணினியில் திறந்து, பெயரையும் எல்லைகளையும் மாற்றி நானே அடித்தேன்.

தாலிகட்டுக்கு முன்பே உறுதி மாப்பிள்ளை வீட்டார் கைக்குப் போய்விட வேண்டும் என்று அவசரம். வெளியில் மேளம், உள்ளே பாயில் நான், என் முன்னால் பூரணம்மா, சாட்சிக்கு மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர். வாசித்து விளக்கிய பிறகுதான் ஒப்பம் வாங்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். எல்லைகளை வாசித்தேன். வடக்கே யாருடைய வளவு, கிழக்கே எந்த ஒழுங்கை என்று வந்தபோது மாப்பிள்ளையின் மாமி ஒருவர் குனிந்து சொன்னார். "மிஸ், நல்ல நேரத்தில சாவுக் கதை வாசிக்காதங்க." சீவிய உரித்துப் பந்தியில் 'எனது மரணத்தின் பின்னர்' என்று வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை கல்யாண வீட்டில் கேட்டிருப்பார்கள். பூரணம்மாவும் கையை அசைத்தார். "விடுங்க மிஸ். நான் சொன்னதத்தானே எழுதியிருப்பீங்க."

விட்டுவிட்டேன். மிச்சம் வழமையானதுதான் என்று சொல்லிப் பேனையைக் கொடுத்தேன். அடியில் 'என்னால் வாசித்து விளக்கப்பட்டது' என்று ஏற்கனவே அடித்திருந்த அத்தாட்சிக்குக் கீழே ஒப்பமிட்டு முத்திரையும் குத்தினேன்.

பின்னேரம் கல்முனை பஸ்ஸில் வந்து இறங்கி, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே இதை உனக்கு ஒரு பகிடிக் கதையாகத்தான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. வாசித்தாயா இல்லையா என்று கேட்டாய். மனதுக்குள் வாசித்தேன் என்று நான் நக்கலடித்தேன். நீ கோப்பையைக் கழுவ எழும்பிப் போய்விட்டாய்.

நாலு வருசம் கழித்து ஒரு நாள் பூரணம்மா படியேறி வந்தார். எழும்பி வாங்க என்றேன். அவர் என் மேசையைத் தாண்டி உன் மேசைக்குப் போனார். மருமகன் வீட்டை விற்றுப்போட்டுக் குடும்பத்தோடு வெளிநாடு போக நிற்கிறான். தான் எங்கே இருப்பது என்று பூரணம்மா கேட்டால் உறுதியை எடுத்துக் காட்டுகிறான், அதில் உங்களுக்கு ஒன்றுமில்லை என்கிறான். மத்தியஸ்த சபைக்கு இரண்டு சனிக்கிழமை போய்ச் சரிவரவில்லை. டவுனில் மூன்று சட்டத்தரணிகளிடம் போயிருக்கிறார். உறுதியின் அடியில் என் பெயரைப் பார்த்ததும் மூன்று பேரும் கையை விரித்துவிட்டார்கள். ஒரே இடத்தில் இருந்து சாப்பிடுகிறவர்கள், என்னைக் கூண்டில் ஏற்ற யாருக்கு மனம் வரும்?

நான் என் அலுமாரியைத் திறந்து உறுதியின் மூலப்படியை எடுத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அந்தப் பந்தி இல்லை. நான் வைத்து அடித்த பழைய உறுதியில் சீவிய உரித்தே இருக்கவில்லை. சாவு என்ற சொல்லைத் தாண்டிப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அங்கே இல்லாத ஒன்றைத் தாண்டிப் போயிருக்கிறேன். வாசித்திருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும்.

நிமிர்ந்தால் நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "கொஞ்சம் வெளிய போறியா? நான் கட்சிக்காரரோட கதைக்கணும்" என்றாய். நம் அறையிலிருந்து என்னை. போனேன். வாவிக் கரையில் வெயிலுக்குள் ஒரு மணித்தியாலம் நின்றேன். தோணிகளை எண்ணினேன், பிழைத்தது, திரும்ப எண்ணினேன்.

அன்று பின்னேரம் உன்னோடு சண்டைக்கு வந்தேன். எத்தனையோ பேர் இருக்க நீயா எடுக்க வேண்டும் என்று கேட்டேன்.

"ஒருத்தரும் எடுக்கல்ல. நானும் விட்டா அவ எங்க போவா?"

அப்போ நான், என்று கேட்டேன். நீ வழக்குக் கோப்பைக் கட்டிக்கொண்டே சொன்னாய். "உனக்குப் போனா உத்தரவுப் பத்திரம் போகும். அவவுக்கு வீடு போகும்."

நியாயம்தான். இப்போது எழுதும்போது நியாயம் என்று தெரிகிறது. அன்றைக்கு உன்னைக் கடித்துத் தின்னலாம் போல இருந்தது. இருபது வருசம் ஒரே பார்சலில் தின்றவள், நேற்று வந்த கட்சிக்காரிக்காக என்னைத் தராசில் வைக்கிறாளே என்று இருந்தது.

அடுத்த கிழமை தபால்காரர் பதிவுத் தபால் ஒன்றோடு வந்தார். அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் ஒன்று. உன் மேசையில் எழுதி, கச்சேரியடித் தபாற்கந்தோருக்குப் போய், என் மேசைக்கு வந்த கடிதம். தபால்காரர் உன்னையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒப்பத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். உறுதி எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்று முறையாகக் கேட்டிருந்தாய். நான் ஒரே வரியில் பதில் எழுதினேன்: உறுதி முறைப்படி வாசித்து விளக்கப்பட்டது. அதையும் பதிவுத் தபாலில் போட்டேன். கோபத்தில் பிரதி ஒன்றை எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கும் அனுப்பினேன். அது பொய் என்று உலகத்தில் என்னை விட்டால் நன்றாகத் தெரிந்த ஆள் நீ. வாசித்துவிட்டுக் கோப்பில் கோத்தாய். அடுத்த நாள் நான்தான் ஓடாவியாரைக் கூப்பிட்டுத் தடுப்பை அடிப்பித்தேன்.

நீ நினைத்திருந்தால் எழும்பிச் சொல்லியிருக்கலாம், இவள் வாசிக்கவில்லை, என்னிடம் தன் வாயால் சொன்னாள் என்று. ஆனால் கறுப்புக் கோட்டுப் போட்டவள் கூண்டில் ஏற ஏலாது. நீ சாட்சியாகப் போனால் வழக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பூரணம்மாவுக்கு மறுபடி ஆள் இல்லை. வழக்கில் நின்றால் தெரிந்ததைச் சொல்ல ஏலாது. இரண்டில் ஒன்று. எட்டு மாதம் அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் நீ அதை வைத்துக்கொண்டு எப்படி இருந்தாய் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. நீ இருமினால் நானும் செருமுவேன். அவ்வளவுதான் நம் பேச்சு.

பிறகு காய்ச்சல். டெங்கு என்றார்கள். நாலாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், அதுவும் வாசல்வரைக்கும் இரண்டு தரம் வந்து திரும்பிப் போன பிறகு. உன் கையில் ஊசி, உதடு வெடித்துக் கிடந்தது. கதிரையை இழுத்துப் போட்டு, அந்த உறுதி, என்று தொடங்கினேன். உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று சொல்லத்தான் வந்தேன். சத்தியமாக அதற்குத்தான் வந்தேன். நீ ஊசிக் கையைத் தூக்கினாய்.

"அதப் பறையாத. நீ சாட்சி."

சாட்சியோடு வழக்கைப் பற்றிக் கதைக்கக்கூடாதாம். சாகக் கிடக்கிற நேரத்திலும் சட்டம். எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. தோடம்பழப் பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். மறுநாள் மத்தியானம் நீ போய்விட்டாய் என்று ஆள் வந்து சொன்னது. செத்த வீட்டில் எல்லோரும் என்னைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை, அவ்வளவு கோபம்.

வழக்கு உன் ஜூனியர் பிள்ளையின் கைக்குப் போனது. பூரணம்மா சாட்சி சொன்னார், மிஸ் அந்தப் பந்தியை வாசிக்கவில்லை என்று தெளிவாகவே சொன்னார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி என் அத்தாட்சியையும் என் கடிதத்தையும் அவர் முன்னால் வைத்து, நொத்தாரிசு பொய் எழுதுவாரா அம்மா என்று மரியாதையாகக் கேட்டார். பூரணம்மா என் ஒப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். கடதாசிக்கு முன்னால் வாய் என்ன செய்யும்?

வழக்கின் அடுத்த தவணையில் என் குறிப்புப் புத்தகத்தோடு என்னை அழைத்தார்கள். இத்தனை வருசத்தில் முதன்முதலாகக் கூண்டில் ஏறினேன். நீதிபதிக்குக் கீழே சட்டத்தரணிகளின் மேசையில் நீ இருக்கிற இடத்தில் உன் ஜூனியர். அந்தப் பிள்ளையின் கையில் நீள் கடதாசி ஒன்று. உன் எழுத்து. கூண்டிலிருந்து பார்த்தாலே தெரிந்தது, நீ வரிக்கு வரி இடம் விட்டு எழுதுகிற எழுத்து. எத்தனை வருசமாக நொத்தாரிசு? யார் அறிவுறுத்தல் தந்தது? இந்தப் புத்தகம் உங்களுடையதா? அடிக்கோடிட்டதை வாசியுங்கள். யார் தட்டச்சுச் செய்தது? நான் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். அடுத்தது 'வாசித்தீர்களா' என்பதுதான், அடுத்தது அதுதான் என்று காத்துக்கொண்டே நின்றேன். பதில் வாயில் ஆயத்தமாக இருந்தது.

"வேறு கேள்விகள் இல்லை" என்று அந்தப் பிள்ளை கதிரையில் இருந்துவிட்டது.

எதிர்த்தரப்பார் பாதி எழும்பினார். அத்தாட்சி அப்படியே இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. நன்றாகப் போவதைக் கிளற எந்தச் சட்டத்தரணிக்குப் பைத்தியம்? கேள்வி இல்லை என்று அவரும் இருந்தார். நீதிபதி இறங்கலாம் என்றார்.

நான் இறங்கவில்லை. பின்வாங்கில் பூரணம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். சாட்சி கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்த்தரப்பார் எழும்பிவிட்டார். அவர் சொன்னது சரி. அப்போது நீதிபதி பேனையைக் கீழே வைத்துவிட்டு, நான் கேட்கிறேன், சொல்லுங்கள் என்றார். நீ இரக்கப்படுகிற அந்த மனிதர்தான். சொன்னேன். பந்தியை வாசிக்கவில்லை, வாசித்ததாக எழுதியது பிழை, பிறகு கடிதம் எழுதியது அதைவிடப் பிழை. குரல் உடைந்தது. இந்த முறை மிச்சத்தைச் சொல்லி முடிக்கப் பின்வரிசையில் யாரும் இல்லை, நானே முடித்தேன்.

போன மாதம் தீர்ப்பு வந்தது. சீவிய உரித்தைச் சேர்த்து உறுதியைத் திருத்தச் சொல்லி உத்தரவு. பூரணம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறார். ஒரு நாள் பஸ் நிலையத்தில் கண்டு, சாப்பிட்டீங்களா மிஸ் என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதிவாளர் நாயகத்திடமிருந்து விளக்கம் கோரிக் கடிதம் வந்திருக்கிறது. உத்தரவுப் பத்திரம் நிற்குமா போகுமா தெரியாது. போனால் போகட்டும் என்று வீரமாகச் சொல்ல வரவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. இருக்கும்வரைக்கும் எழுதுகிறேன். கல்யாண வீட்டிலும் சாவு வரியைச் சத்தம் போட்டு வாசிக்கிறேன், மாமிமார் என்னைத் திட்டுகிறார்கள்.

உன் ஜூனியரிடம் அந்தக் கேள்விக் கடதாசியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பதினொரு கேள்வி. அந்தக் கேள்வி அதில் இல்லை. எழுதி வெட்டிய அடையாளமும் இல்லை. என்னைக் காப்பாற்றப் பார்த்தாயா? அப்படியானால் பூரணம்மாவை விட்டுக்கொடுத்தாய், நீ அப்படி விடுகிற ஆளில்லை. தேத்தண்ணியோடு கூட்டாளி சொன்னதை வழக்குக்குள் கொண்டுபோகக்கூடாது என்று நினைத்தாயா? இல்லை, கேட்காமலே நான் சொல்லுவேன் என்று நம்பினாயா? ஒரு நாளைக்கு ஒன்று சரியாகப் படுகிறது. மூன்றும் பிழையாகப் படுகிற நாளும் உண்டு.

நீ நம்பித்தான் விட்டாய் என்றால், உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாயில் ஆயத்தமாக நான் வைத்திருந்த பதில், "ஓம், வாசித்தேன்." ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் தொட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, உன் முகத்தைப் பார்த்துச் சொல்வது போலச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். நீ கேட்டிருந்தால் நான் பொய்தான் சொல்லியிருப்பேன்.